‘படம், தகவல்: இணையம்’ என்று போடுவதை நிறுத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விழா அறிவிப்பு வந்தால் ஏற்காட்டைப் பற்றிய கட்டுரைகள் வரிசைகட்டும். மாம்பழ சீசன் வந்தால் மல்கோவா, இமாம்பசந்து பற்றிய குறிப்புகள் எல்லா இணைப்பிதழிலும் இடம்பிடிக்கும். தாரமங்கலம் கோயில் சிற்பங்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், மரவள்ளி சாகுபடி என்று சேலத்துக்காரர்கள் இணையத்தில் எழுதிவைத்த விஷயங்கள் ஏராளம். யாரோ ஒருவர் சொந்தக் காசில் பஸ் ஏறி, நாலு பேரைப் பார்த்துக் கேட்டு, இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்தவை அவை. அவற்றை வரி மாறாமல் எடுத்துப் போட்டுவிட்டு அடியில் ‘நன்றி: இணையம்’ என்று முடிக்கிறார்கள். படமாக இருந்தால் ‘படம்: கூகுள்’. எழுதியவரின் பெயர் எங்கும் இல்லை. இந்தப் பழக்கத்தைப் பத்திரிகைகள் நிறுத்த வேண்டும் என்று கேட்கவும், எழுதுகிறவர்கள் தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள என்னென்ன செய்யலாம் என்று சொல்லவும் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறேன்.

முதலில் சட்டம். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 57-ஆம் பிரிவு, ஒரு படைப்பைத் தன்னுடையது என்று உரிமை கொண்டாடும் உரிமையை எழுதியவருக்குத் தருகிறது. அவருடைய பெயருக்குக் கெடுதல் வரும்படி எழுத்தைச் சிதைத்தால் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் அதே பிரிவு வழிசெய்கிறது. பதிப்புரிமையை முழுக்க விற்றுவிட்ட பிறகும் இந்த உரிமை எழுதியவரிடமே இருக்கும். ஆகவே பெயர் போடுவது எடுத்தவர் காட்டும் தயவு அல்ல. அதேபோல, பெயர் போட்டுவிட்டதாலேயே எடுத்தது சரியாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறுபதிப்பு செய்யும் உரிமை 14-ஆம் பிரிவின்படி தனி உரிமை. அதற்கு அனுமதி வேண்டும். பெயரும் வேண்டும், அனுமதியும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடு ஆகாது.

எழுதி முடித்த நொடியிலேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை, வட்டத்துக்குள் ‘சி’ போட்ட குறியும் கட்டாயமில்லை. எழுதியவரின் ஆயுள் முழுக்கவும், அவர் காலமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் இதே கணக்குதான்.

ஆனால் எதற்கு உரிமை, எதற்கு இல்லை என்பதில் எழுதுகிறவர்களே குழம்பிப்போய்ப் பலவீனமான புகாரைக் கொடுக்கிறார்கள். சேலத்திலிருந்து ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு என்பது தகவல். அதை யார் முதலில் எழுதியிருந்தாலும் அது யாருக்கும் சொந்தமில்லை. சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட்டுக்கு என்னென்ன வைக்க வேண்டும் என்ற பட்டியலும் அப்படித்தான். 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கருத்துக்கும் கருப்பொருளுக்கும் உண்மைச் செய்திக்கும் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்கு, அடுக்கிய முறைக்கு உண்டு.

ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். ஒருவர் சேர்வராயன் மலைக் காப்பியைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறார் என்று வையுங்கள்: “களத்தில் காயும் பழத்தை ஒரு கை அள்ளிக் காதோரம் குலுக்கினால் கிலுகிலுக்க வேண்டும், ஊமையாக இருந்தால் இன்னும் ஒரு வெயில் பாக்கி.” இதை இன்னொருவர், “காப்பிப் பழம் நன்றாகக் காய்ந்துவிட்டால் குலுக்கும்போது சத்தம் வரும்” என்று எழுதினால் புகாருக்கு இடமில்லை, அது எந்தத் தோட்டக்காரரும் சொல்லும் செய்தி. “காப்பிப் பழத்தை ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்கினால் கிலுகிலுவென வரணும், ஊமையா இருந்தா இன்னும் ஒரு வெயில் பாக்கி” என்று எழுதினால், சில சொற்களை மாற்றியிருந்தாலும் அது எடுத்தாள்கைதான். இந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு வழக்குக்குப் போக முடியாது. அதே வரிசையில், அதே உவமைகளுடன், முதலாமவர் செய்த எழுத்துப் பிழை உட்பட இருபது பத்தி தொடர்ந்து வந்தால், அப்போது கை வலுவாக இருக்கிறது. இப்போதெல்லாம் கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து ‘வேறு வார்த்தையில் எழுது’ என்கிறார்கள். சொல் மாறிவிடும், பத்திகளின் வரிசையும் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆகவே ஒப்பிடும்போது சொல்லைவிட அடுக்கைப் பாருங்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்துப் போட்டாலும், மொழிபெயர்ப்பு உரிமை மூல ஆசிரியருடையது என்பதால் கதை அதேதான்.

பத்திரிகைகள் தொடர்பாக அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு விதிவிலக்கு உண்டு. 52(1)(எம்) பிரிவின்படி, நடப்புப் பொருளாதார, அரசியல், சமூக, சமயப் பொருள்கள் பற்றிய கட்டுரையை ஒரு நாளிதழோ வார இதழோ மறுபதிப்பு செய்யலாம். எழுதியவர் அந்த உரிமையைத் தனக்கென்று வெளிப்படையாக ஒதுக்கி வைத்திருந்தால் மட்டும் கூடாது. சேலம் வெள்ளித் தொழில் நெருக்கடியைப் பற்றியோ மேட்டூர் அணை நீர்த்திறப்பு பற்றியோ எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டுரையின் கீழும் ஒரு வரி போதும்: “மறுபதிப்பு உரிமை முழுவதும் ஆசிரியருக்கே, சுட்டியைப் பகிரலாம், கட்டுரையை எடுத்து வெளியிட எழுத்துமூல அனுமதி வேண்டும்.” தளத்தின் எங்கோ ஒரு மூலையில் இதை வைப்பதைவிடக் கட்டுரைக்கு அடியிலேயே வைப்பது நல்லது. ‘பிடித்திருந்தால் பகிருங்கள்’ என்று மட்டும் எழுதிவைப்பது ஆபத்து. நீங்களே அனுமதி தந்ததாக எதிர்த்தரப்பு அதைக் காட்டும்.

தாராளமாகப் பரவட்டும், பெயர் மட்டும் இருந்தால் போதும் என்பவர்களுக்கு, யாரும் பயன்படுத்தலாம் என்று நிபந்தனையோடு முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பொருத்தம். அதில் பெயர் குறிப்பிடுவது கட்டாய நிபந்தனை. 4.0 பதிப்பில், மீறல் தெரியவந்த 30 நாளுக்குள் திருத்திவிட்டால் உரிமம் தானாகத் திரும்பக் கிடைக்கும். எனவே சண்டையில்லாமல் பெயரைச் சேர்க்கவைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. யோசித்து வையுங்கள்.

இனி, முக்கியமான பகுதிக்கு வருகிறேன். எழுத்து திருட்டுப் போன பிறகு ஓடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் பெயர் கிடைக்குமா கிடைக்காதா என்பது பெரும்பாலும் கட்டுரையை வெளியிட்ட அன்றே தீர்மானமாகிவிடுகிறது. வலைப்பதிவில் தெரியும் தேதியை நம்பி இருக்காதீர்கள். பிளாகரிலும் வேர்ட்பிரஸிலும் பதிவின் தேதியை யார் வேண்டுமானாலும் பின்னுக்குத் தள்ளி மாற்றலாம். எடுத்தவர் தன் பதிவுக்கு உங்களுடையதைவிட ஒரு மாதம் முந்தைய தேதியைப் போட்டுக்கொண்டு, நீங்கள்தான் தன்னிடமிருந்து எடுத்தீர்கள் என்று சொல்ல முடியும். ஆகவே உங்கள் கையில் இல்லாத ஓர் இடத்தில் தேதி பதிவாக வேண்டும். வெளியிட்ட அன்றே, இணையப் பக்கங்களின் நகலைத் தேதியோடு சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினுக்குப் போய், ‘இந்தப் பக்கத்தை இப்போது சேமி’ என்ற கட்டத்தில் உங்கள் கட்டுரையின் முழு முகவரியை இட்டுச் சேமியுங்கள். ஓரிரு நிமிட வேலை. சேமித்த பக்கத்தின் முகவரியிலேயே ஆண்டு, மாதம், நாள், மணி எல்லாம் எண்ணாக வந்துவிடும். கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைச் சேர்த்துவைத்தால், தேடல் முடிவுகளில் அந்தப் பக்கம் எந்த நாளிலிருந்து தோன்றுகிறது என்று காட்டும். ஆனால் அது 16 மாத விவரத்தை மட்டுமே வைத்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

படங்களுக்கு, கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருங்கள். நீளப்பக்கம் 1200 பிக்சல் அளவுக்குக் குறைத்ததைத்தான் இணையத்தில் ஏற்ற வேண்டும். முழு அளவுக் கோப்பு உங்களிடம் மட்டும் இருப்பது, படமெடுத்தவர் நீங்கள்தான் என்பதற்கு வலுவான சான்று. அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் அழிக்காதீர்கள். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து இரவில் தெரியும் சேலம் நகர விளக்குகளை நூறு பேர் எடுத்திருப்பார்கள். அடுத்தடுத்து ஐந்து கோணத்தில் எடுத்தவை உங்களிடம் மட்டும்தான் இருக்கும். மூலக் கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிச் சேமிக்க நினைக்காதீர்கள். எடுத்த நேரம், கேமரா விவரம் எல்லாவற்றையும் அது நீக்கிவிடும். கோப்பின் உள்விவரத்தில் படைப்பாளர், பதிப்புரிமை என்ற இரண்டு இடங்களில் பெயரை நிரப்பிவையுங்கள். சட்டத்தின் 65பி பிரிவு, படைப்பாளர் பெயர் உள்ளிட்ட உரிமை மேலாண்மை விவரத்தை அனுமதியின்றி வேண்டுமென்றே நீக்குவதையே தனிக் குற்றமாக்கி, இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் வைத்திருக்கிறது.

படத்தின் மூலையில் பெயரைப் போட்டால் வெட்டிவிடுவார்கள். முக்கியமான உருவத்தை ஒட்டி, மங்கலாகப் போடுங்கள். அதை வெட்டினால் படம் கெட வேண்டும். எழுத்திலும் இதே முறைதான். வாட்ஸ்அப்பில் முன்னனுப்புகிறவர்கள் முதல் வரியையும் கடைசி வரியையும் வெட்டுகிறார்கள். நடுவில் கைவைப்பது அபூர்வம். மூன்றாவது நான்காவது பத்திக்குள், வாக்கியத்தின் பகுதியாகவே பெயர் வரட்டும். ‘இந்தப் பாதையை இந்தத் தளத்துக்காக நடந்து பார்த்தபோது’ என்று தளத்தின் பெயரைச் சேர்த்து எழுதினால், அதை எடுக்க அவர் அந்த வாக்கியத்தையே திருத்தியாக வேண்டும்.

தானாகவே உறிஞ்சி வெளியிடும் தளங்கள் பெரும்பாலும் உங்கள் செய்தியோடையிலிருந்து (புதுப் பதிவுகளைத் தானாக வெளியே அனுப்பும் ஆர்.எஸ்.எஸ். வசதி) எடுப்பவை. வேர்ட்பிரஸில் அமைப்புகளுக்குள் வாசிப்புப் பகுதியிலும், பிளாகரில் தள ஓடைப் பகுதியிலும், முழுக் கட்டுரைக்குப் பதில் சுருக்கம் மட்டும் போகும்படி மாற்றலாம். மின்னஞ்சலில் முழுதாகப் படித்துவந்த சில வாசகர்களுக்கு அது வருத்தம்தான். தொல்லை அதிகமாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். கட்டுரைக்குள் உங்கள் பழைய கட்டுரைகளுக்கு இரண்டு மூன்று முழு முகவரிச் சுட்டிகள் கொடுத்துவைத்தால், உறிஞ்சும் தளம் அவற்றையும் சேர்த்தே வெளியிட்டு மூலம் எது என்று தானே காட்டிக்கொடுக்கும். வலது சொடுக்கைத் தடைசெய்யும் நிரல்களைப் போடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எடுக்க வந்தவருக்கு அது அரை நிமிடத் தடை. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து அகராதியில் பார்க்க நினைக்கும் வாசகருக்கு நிரந்தரத் தடை.

காப்பி எடுக்கப்பட்டதைக் கண்டுபிடிக்க, தலைப்பைத் தேடாதீர்கள். அதைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். கட்டுரையின் நடுவிலிருந்து, வட்டாரச் சொல் ஒன்று வரும் ஆறேழு சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். அதே வரியைக் கூகுள் அலர்ட்டில் போட்டுவைத்தால் மின்னஞ்சல் தேடி வரும். தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு தனிக் குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். ‘ஸ்ரீ’யும் இரண்டு விதமாகத் தட்டச்சாகிறது. ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து அடிப்பவர்கள் பலர். பக்கத்துக்குள் தேடும்போதும், இரண்டு கோப்பை ஒப்பிடும் மென்பொருளிலும் இவை பொருந்தாமல் போய், காப்பியே இல்லை என்று விடை வரும். தேடும் வரியில் இந்த எழுத்துகள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சு இதழ்கள் சில இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் பக்கம் கட்டுகின்றன. அவற்றின் மின்பதிப்பு எந்தத் தேடலிலும் சிக்காது. பக்கத்தைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. படங்களைக் கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் தேடலாம். கிடைக்கவில்லை என்றால் படத்தை இடம் வலமாகத் திருப்பி மறுபடி தேடுங்கள். திருப்பிப் போடுவது எடுப்பவர்களின் பழைய வழி. பின்னால் உள்ள கடைப் பலகையில் எழுத்து இடவலம் மாறி இருப்பதை வைத்தே பல படங்கள் பிடிபடும்.

கண்டுபிடித்தவுடன் கோபத்தில் அதன் கீழே போய்க் கருத்து எழுதுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் வேலை. அதைச் செய்தால் அடுத்த ஐந்து நிமிடத்தில் பக்கம் மாறியிருக்கும், நீங்கள் தடுக்கப்பட்டிருப்பீர்கள். முதலில் சான்று. கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அச்சிடும் அமைப்பில் ‘தலைப்பு, அடிக்குறிப்பு’ என்பதைத் தேர்ந்தெடுத்துப் பிடிஎஃப் ஆகச் சேமித்தால் தேதியும் முகவரியும் ஒவ்வொரு பக்கத்திலும் வரும். பிறகு அந்தப் பக்கத்தையும் வேபேக் மெஷினில் சேமியுங்கள். ஃபேஸ்புக் பதிவுகள் அதில் சரியாகச் சேமிக்கப்படுவதில்லை. அதற்குத் திரைப்பதிவு எடுங்கள். அவருடைய பக்கத்தின் பெயரில் தொடங்கி, பதிவின் நேரத்தைச் சொடுக்கித் தனி முகவரியைத் திறந்து, முழுவதும் உருட்டிக் காட்டி முடியுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுச் சான்றுடன் இரண்டு பகுதிச் சான்றிதழ் கேட்கிறது. ஒரு பகுதி சான்றைத் தருபவர் நிரப்புவது, மற்றது வல்லுநர் நிரப்புவது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணெழுத்துத் தொடரையும், அதில் எழுத வேண்டும். ஆகவே சேமித்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்ற முறையில் அந்த மதிப்பை எடுத்துக் குறித்துவையுங்கள். அதன் பிறகு அந்தக் கோப்பைத் திறந்து திருத்திச் சேமித்தால் மதிப்பு மாறிவிடும். சிவப்பு வட்டம் போடுவது, கோடிழுப்பது எல்லாம் நகலில் மட்டும்.

அடுத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பெயர் வேண்டுமா, நீக்க வேண்டுமா, பணம் வேண்டுமா? நீக்கச் செய்துவிட்டால் பெயர் போட இடமே இருக்காது. பெயர்தான் வேண்டும் என்றால் கடிதம் சுருக்கமாகவும் துல்லியமாகவும் இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

“வணக்கம். தங்கள் சேனலில் இன்ன தேதியில் வெளியான காணொளியில் 2:10 முதல் 6:45 வரை வாசிக்கப்படுவது, நான் இன்ன தேதியில் வெளியிட்ட இந்தக் கட்டுரை. ஒப்பீட்டை இணைத்துள்ளேன். விளக்கக் குறிப்பின் முதல் வரியில் என் பெயரையும் கட்டுரையின் சுட்டியையும் 48 மணி நேரத்துக்குள் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். இது தொடர்ந்து பயன்படுத்த அனுமதி ஆகாது. அதைத் தனியே பேசிக்கொள்ளலாம்.”

முதல் வரி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யூடியூப் விளக்கக் குறிப்பில் முதல் ஓரிரு வரிதான் வெளியே தெரியும், மற்றது மறைந்திருக்கும். ஏற்றிய காணொளிக்குள் புதிதாக எழுத்தைச் சேர்க்க முடியாது என்பதால், குறிப்பிலும் மேலே பொருத்திய கருத்திலும் பெயர் வருவதே நடக்கக்கூடியது. ‘உள்ளே தள்ளிவிடுவேன்’ போன்ற வரிகளைத் தவிருங்கள். ஆதாரமில்லாத சட்ட மிரட்டலுக்கு எதிராக மிரட்டப்பட்டவரே வழக்குப் போட 60-ஆம் பிரிவு இடம் தருகிறது. பொதுவெளியில் ‘திருடன்’ என்று எழுதினால் அவதூறு என்று அவர் திரும்ப வரலாம். இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதியோடு வெளியிடுங்கள்; படிப்பவர்கள் புரிந்துகொள்வார்கள்.

பதில் இல்லை என்றால் யூடியூப், ஃபேஸ்புக் போன்ற மேடை நிறுவனத்துக்குப் புகார். அமெரிக்க நிறுவனங்கள் 1998-ஆம் ஆண்டின் டி.எம்.சி.ஏ. என்ற அந்நாட்டு இணையப் பதிப்புரிமைச் சட்டப்படி படிவம் வைத்திருக்கின்றன. உங்கள் படைப்பு எது, எடுத்தது எங்கே இருக்கிறது, உங்கள் தொடர்பு விவரம், நல்லெண்ண உறுதிமொழி, விவரம் சரியானது என்ற உறுதிமொழி, கையெழுத்து, இவ்வளவுதான் கேட்பார்கள். பெரும்பாலும் புகார் திரும்புவதற்குக் காரணம், தளத்தின் முகப்பு முகவரியைக் கொடுத்துவிடுவது. பதிவின் தனி முகவரியைத்தான் தர வேண்டும். பத்துப் பதிவு என்றால் பத்து முகவரி. எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்பினால், நீங்கள் வழக்குத் தொடர்ந்ததைக் காட்டாவிட்டால் 10 முதல் 14 வேலை நாளில் திரும்பப் போட்டுவிடுவார்கள். யூடியூப்பில் ஏழு நாள் அவகாசத்துடன் நீக்கக் கோரும் வசதி உண்டு. அதற்குள் அவரே நீக்கினால் சேனலுக்கு ‘ஸ்ட்ரைக்’ என்ற எச்சரிக்கை விழாது. உள்ளூர்ப் பையன்கள் நடத்தும் சின்னச் சேனல் என்றால் இதைத் தேர்ந்தெடுப்பதே நியாயம் என்று நினைக்கிறேன். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும். கூகுளுக்கு அனுப்பும் நீக்கக் கோரிக்கைகளின் நகல் லூமன் என்ற பொதுத் தளத்துக்குப் போகிறது, உங்கள் பெயர் அங்கே தெரியலாம். கூகுள் தேடலிலிருந்து மட்டும் நீக்கினால் அந்தப் பக்கம் அதன் இடத்தில் அப்படியே இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அந்தத் தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் சேவையக நிறுவனத்துக்கும் தனியே எழுத வேண்டும்.

நம் நாட்டுச் சட்டத்திலும் வழி இருக்கிறது. பதிப்புரிமை விதிகள் 2013-இன் 75-ஆம் விதிப்படி எழுத்துமூலப் புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் இடைநிலை நிறுவனம் (பிறர் பதிவுகளைத் தாங்கும் தளம்) அதை அணுக முடியாமல் செய்ய வேண்டும். ஆனால் புகாரிலேயே, வழக்குத் தொடர்ந்து 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைத் தருவேன் என்று உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். தராவிட்டால் 21 நாள் கழித்து அவர்கள் திரும்பத் திறந்துவிடலாம். வழக்குப் போடும் எண்ணமில்லாமல் இந்த வழியில் இறங்காதீர்கள்.

வழக்கு என்றதும் டெல்லி, சென்னை என்று பயப்பட வேண்டாம். 62-ஆம் பிரிவின்படி, எழுதியவர் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடரலாம். எடுத்தவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சேலத்துக்காரர் சேலத்திலேயே தொடர முடியும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. மலைக் கிராமங்களிலிருந்து எழுதும் இளைஞர்களுக்கு இது தெரிய வேண்டும். தெரிந்தே செய்த மீறலுக்கு 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். இது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு கட்டுரைக்காக இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. புத்தகமாகவே அச்சடித்து விற்பவர்களிடம் போகத்தான் வேண்டும்.

பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிவேடு முதல்தோற்றச் சான்றாக, அதாவது மாறாக நிரூபிக்கப்படும்வரை செல்லும் சான்றாக, ஏற்கப்படுகிறது. இலக்கியப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் ரூ.500. இணையத்திலேயே 14-ஆம் படிவத்தை நிரப்பலாம். விண்ணப்பத்துக்கான டயரி எண் கிடைத்த பிறகு, ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள். தளம் முழுவதையும் ‘வலைத்தளம்’ என்று ஒன்றாகப் பதிவு செய்ய முடியாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ரூ.500 கட்டுவதும் கட்டுப்படியாகாது. ஓர் ஆண்டில் எழுதியவற்றைத் தொகுப்பாக்கி ஒரே படைப்பாகப் பதிவதுதான் சிக்கனம். அதில் இன்னொருவர் எடுத்த படம் ஒன்று இருந்தாலும் அவருடைய ஆட்சேபமின்மைக் கடிதம் கேட்பார்கள். ஆகவே எழுத்தை மட்டும் தனியாக அனுப்புங்கள்.

ஆசிரியர் அவர்களே, கடைசியாகத் தங்கள் இதழிடமும் மற்ற நாளிதழ்களிடமும் ஒரு வேண்டுகோள். பிறர் எழுத்தை மூலம் குறிப்பிடாமல் தன்னுடையதுபோல் வெளியிடுவது இதழியல் நெறிக்கு எதிரான குற்றம் என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நடத்தை நெறிகளே சொல்கின்றன. பாதிக்கப்பட்டவர் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். தீராவிட்டால், நாளிதழ், வார இதழ் என்றால் வெளியான இரண்டு மாதத்துக்குள் மன்றத்துக்குப் போகலாம். மன்றத்தால் அபராதம் விதிக்க முடியாது, எச்சரிக்கவும் கண்டிக்கவும் முடியும். அந்த அளவுக்கு எந்த உள்ளூர் எழுத்தாளரும் போகும்படி ஆகக் கூடாது.

பகுதிநேர நிருபர் அனுப்பும் ஒவ்வொரு படத்துக்கும், கட்டுரைக்கும் ‘எடுத்தவர் யார், எழுதியவர் யார், அனுமதி யாரிடம் எப்போது வாங்கியது’ என்ற மூன்று கேள்விக்கு விடை இல்லாமல் பக்கம் கட்டும் மேசைக்கு அனுப்புவதில்லை என்று ஒரு நடைமுறை வையுங்கள். விடை தெரியாத படத்தைப் போடாமல் விடுங்கள். ஏற்காடு ஏரியைப் படமெடுத்துத் தர ஏற்காட்டிலேயே ஆள் இருக்கிறார்கள். பெயர் விடுபட்டது என்று கடிதம் வந்தால், கட்டுரை வந்த அதே பக்கத்தில், படிக்கும் அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். மின்பதிப்பிலும் சேர்த்துத் திருத்துங்கள். இணையத்திலிருந்து கட்டுரை எடுத்தால் எழுதியவர் பெயர், கட்டுரையின் தலைப்பு, தளத்தின் பெயர், வெளியான தேதி என்ற நான்கும் வரட்டும். சுருக்கியோ திருத்தியோ வெளியிட்டால் அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். வெளியில் எழுதுபவருக்குத் தரும் அதே சன்மானத்தை இவருக்கும் தாருங்கள். வரும் கோடை விழா இணைப்பிதழிலிருந்தே இதைத் தொடங்க முடியும்.

இப்படிக்கு,
இணையத்தில் எழுதும் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.